எக்ஸ் வேண்டாமாம்

உக்காருங்க அண்ணாச்சி, இடம் கெடக்கு. பைய மேல போடுங்க. கையில என்ன, இங்கிலீசு பேப்பரா? நல்லதாப் போச்சு. எனக்கு ஒரு உபகாரம் செய்யுங்க. அந்த மொதப் பக்கத்துல எக்ஸ் எழுத்து எங்கயாவது இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. சும்மா பாருங்க, நாகர்கோவில் வரைக்கும் பொழுது போகணும்லா.

இருக்கா? ஒண்ணு இருக்கா? பாத்தீங்களா! ஒண்ணுன்னாலும் இருக்கு. அத எடுத்துட்டா அந்த வார்த்தை நிக்குமா? நிக்காது. இதத்தான் நானும் கேக்கேன். இருபத்தாறு எழுத்தயும் வச்சுக்கிட்டு வெள்ளக்காரன் ஊரையே ஆண்டுட்டுப் போயிட்டான். அவனுக்கு பாரமா இல்லாத எழுத்து இவளுக்கு பாரமாப் போச்சு.

யாருக்கா? எம் மவளுக்கு. பெத்த மவளுக்கு.

எம் பேரு சேவியரு. இங்கிலீசுல எழுதினா எக்ஸ்லதான் தொடங்கும். எஸ் போட்டா என்னன்னு கேப்பானுவ சில சவத்துப் பயலுவ. எனக்கு ஞானஸ்நானம் குடுத்த சாமியாரு எக்ஸ் போட்டுத்தான் எழுதினாவ, அத மாத்த இவன் யாரு? எங்க தெருவுல எஸ்காரன் நெறஞ்சு கெடந்தான். எக்ஸ்காரன் நான் ஒருத்தன்தான். பள்ளிக்கூடத்துல பேரு கூப்பிடும்போது கடைசியாத்தான் என்னக் கூப்பிடுவாவ. எம் பேரு வரைக்கும் வகுப்பே காத்துக் கெடக்கும். அப்படி ஒரு மதிப்பு அந்த எழுத்துக்கு.

எம் மவ பொறந்தப்ப நான் என்ன குடுத்தேன்? வீடு வாசலா குடுத்தேன்? நகை நட்டா குடுத்தேன்? அதெல்லாம் எவன் வேணும்னாலும் குடுப்பான். நான் இந்த எழுத்த இனிசியலாக் குடுத்தேன். எக்ஸ். நேவிஸ். சொல்லிப் பாருங்க, எவ்வளவு எடுப்பா இருக்கு! அத எடுத்துக் கடாசிட்டு ஜே. நேவிஸ்னு போட்டுக்கிட்டு அலையுதா. ஜேன்னா ஜெசிந்தா. அவ ஆத்தா. ஆத்தா எழுத்தப் போட்டுக்கிடலாம்னு கவருமெண்டே சொல்லிட்டாம். கவருமெண்டுக்கு வேற வேலை இல்ல பாருங்க.

நான் ஒண்ணும் பிடிவாதக்காரன் இல்ல. ரெண்டையும் போடு. ஜே போடு, எக்ஸும் போடு, ரெண்டும் ஒண்ணா நின்னுட்டுப் போகுது. கேரளாவுல இருக்க எம் பயலுவ ரெண்டு பேரும் பேருக்குப் பின்னால போட்டிருக்கானுவ, அது அந்த ஊரு வழக்கம். பின்னாலன்னாலும் போட்டிருக்கானா இல்லையா?

என்ன அப்படிப் பாக்கீங்க? கேரளாவுல பயலுவன்னா, அது வேற கதை அண்ணாச்சி. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. கண்டக்டர் வாராரு. நாகர்கோவில் ஒண்ணு குடுங்க தம்பி.

எங்க விட்டேன்? ஆங். எல்லாம் இந்த வருசத் திருவிழாவுல தொடங்குச்சு. எனக்கு அது சொந்த ஊரு இல்ல, பொண்டாட்டி ஊரு. கடக்கரை ஊரு. கல்யாணம் முடிஞ்சு கொஞ்ச வருசம் அங்கன இருந்தேன், பெறகு கொல்லத்துப் பக்கம் மீன்பிடி போட்டுல வேலைக்குப் போயிட்டேன். இப்பம் முட்டு வலி வந்து கடலுக்குப் போக முடியல. கொல்லத்து வீட்டுக்காரியும் முகத்தத் திருப்பிக்கிட்டா. சரின்னு தூத்துக்குடியில ஒரு ஐஸ் கம்பெனியில வாச்மேனாச் சேந்தேன். ஊரு பக்கத்துலதான இருக்கு, திருவிழாவுக்கு எட்டிப் பாப்போம்னு போனேன். தாடியும் நரையுமாப் போனா எவனுக்கு அடையாளம் தெரியும்? நானும் சொல்லிக்கிடல. அவனவனே கண்டுபிடிக்கட்டும்னு நின்னேன்.

ஒம்பதாம் நாளு திருவிழாவுக்கு பட்டிமன்றம் வச்சிருந்தாவ. தலைப்பக் கேளுங்க. 'இங்கிலீசுக்கு இருபத்தாறு எழுத்தும் தேவையா, சிலத விட்டுரலாமா?' எளவு, இதுவா ஒரு தலைப்பு? மாமியார் மருமவன்னு பேசுனமா, சிரிச்சமா, போனமான்னு இல்லாம, எவன் வீட்டு எழுத்தயோ மாதா கோவில் முன் முத்தத்துல வச்சுக் கழிச்சுக் கட்டுதானுவ. எனக்கு அப்பமே ஒப்பல. எந்திரிச்சுப் போயிருவோம்னு இருக்கேன், மைக்குல பேரு சொல்லுதாவ. ஜே. நேவிஸ். கான்வென்ட்டுல இங்கிலீசு டீச்சராம். நான் நின்னுட்டேன். பின்னால இருந்த ஒருத்தி, 'மறைக்கு, உக்காருமய்யா'ன்னு சத்தம் போடுதா.

எந்தக் கட்சிங்கீங்க? விட்டுரலாம்ங்கற கட்சி!

மொதல்ல சீய எடுத்தா. 'இந்த எழுத்துக்குன்னு சொந்தமா ஒரு சத்தம் உண்டா? ஒரு நேரம் கே வீட்டுல சாப்பிடும், ஒரு நேரம் எஸ் வீட்டுல சாப்பிடும். ரெண்டு வீட்டுல சாப்பிடுத ஆளால எந்த வீட்டுக்கும் பிரயோசனம் இல்ல'ன்னா. சனம் கைதட்டுது. நானும் தட்டினேன், ஏன் பொய் சொல்லணும், நல்லாத்தான் பேசுதா. பெறகு கியூ. 'யூவக் கையில பிடிச்சுக்கிடாம வாசப்படி எறங்காது'ன்னா. அதுக்கும் சிரிப்பு.

அதுக்குப் பெறகு சொன்னா பாருங்க. 'அடுத்து எக்ஸ்'ன்னா. 'சேவியர்னு எழுதுதோம். முன்னால எக்ஸ் நிக்கி. ஆனா வாயத் தொறந்து சொல்லும்போது கேக்குத சத்தம் அதோடதா? இன்னொரு எழுத்தோட சத்தத்த எரவல் வாங்கிக்கிட்டு முன்னால மட்டும் நிக்கி. பேருக்கு நிக்குத எழுத்து நமக்கு எதுக்கு?'ன்னா.

நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. உலகத்துல எக்ஸ் வாரதுக்கு வேற பேரே கெடைக்கலையா? எம் பேரத்தான் சொல்லணுமா? அத்தனை சனத்துக்கு முன்னால, மாதாவுக்கு முன்னால, பெத்த அப்பன் எழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளுதா. சனம் சிரிக்கி. அவளும் சிரிக்கா.

நல்ல வேளை, நடுவரு மனுசன். ரிட்டயர்டு எட்மாஸ்டரு. 'வீட்டுல ஒருத்தன் சம்பாதிக்கலங்கறதுக்காக வெளிய தள்ள முடியுமா? இருபத்தாறும் இருந்துட்டுப் போகட்டும்'னு தீர்ப்பு சொன்னாவ. நான் அடிச்ச விசில் கோபுரம் வரைக்கும் கேட்டிருக்கும். நேரா மேடைக்குப் பின்னால போயிட்டேன். அவ நாற்காலிய மடக்கிக்கிட்டு நிக்கா. 'பாத்தியா மக்கா, தீர்ப்பு எம் பக்கம்'ன்னேன். திரும்பிப் பாத்துச் சிரிச்சா. 'ஆமா அண்ணாச்சி, நாங்க தோத்துட்டோம். டீ குடிச்சீங்களா?'ங்கா.

அண்ணாச்சியாம்! பெத்த அப்பன! எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க. முகத்துல ஒரு சலனம் இல்ல, டீய எடுத்துக் கையில குடுக்கா. அப்படி ஒரு நடிப்பு. நான் டீயக் கீழ வச்சுட்டு வந்துட்டேன். பாதி குடிச்சுட்டுத்தான் வச்சேன், அது வேற.

என்ன? நெசமாவே தெரியாதோங்கீங்களா? சரி, உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன. நான் கொல்லம் போகும்போது அவளுக்குப் பால் பல்லு விழல. ஒரு சீசனுக்குத்தான் போனேன். அங்க ஒரு மழைக்காலத்துல நான் வேலை பாத்த போட்டு கவுந்து போச்சு. போன ஆளுவ ஒருத்தனும் கரை சேரல. நான் அந்தத் தடவ ஏறல, முந்துன நாளே வேற போட்டுக்கு மாறிட்டேன். ஓனருக்கு அது தெரியல. நானும் செத்துட்டேன்னு ஊருக்குத் தகவல் போயிட்டு. இல்லன்னு சொல்லி அனுப்பணும்னுதான் நெனச்சேன். ஆனா மழை விடல. பெறகு அங்க ஒரு வீடு, பிள்ளைகுட்டி, பாத்துக்கிடணும்லா. உயிரோட இருக்கவன் என்னைக்காவது வரத்தான போறான், வரும்போது தெரிஞ்சுக்கிடட்டும்னு இருந்துட்டேன். இதுல எந் தப்பு என்ன இருக்கு? போட்டக் கவுத்தது நானா?

சரி, விசயத்துக்கு வாரேன். ஐஸ் கம்பெனிக்கு மீன் வண்டி கொண்டு வாரவன் அந்த ஊர்க்காரன். 'எங்க ஊரு நேவிஸ் டீச்சருக்குக் கல்யாணம், கோவில்ல ஓலை வாசிச்சுட்டாவ'ன்னான். உங்களுக்கு ஓலைன்னா தெரியுமா? எங்க ஆளுவ கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயிறு பூசையில பொண்ணு மாப்பிள்ளை பேரையும் தாய் தகப்பன் பேரையும் சாமியாரு வாசிப்பாவ. இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிஞ்சவங்க வந்து சொல்லணும்பாவ. சொன்னா விசாரிச்சுட்டுத்தான் தாலி.

நான் துள்ளி எந்திரிச்சேன். எங்கிட்ட ஒரு தடை இருக்குல்லா! எம் எழுத்து இல்லாம எம் மவளுக்கு எப்படித் தாலி ஏறும்? மொத ஓலைதான் முடிஞ்சு போச்சு. ரெண்டாவது ஓலைக்குப் போயிட்டேன். போன ஞாயிறு. முன் வரிசையில உக்காந்தேன். சாமியாரு வாசிக்காவ. 'நம் கோவில் பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற சேவியர், ஜெசிந்தா இவர்களின் மகள் நேவிஸ்'னு.

காலஞ்சென்ற! நான் முன் வரிசையில முழுசா உக்காந்திருக்கேன், மூச்சு விடுதேன், இருமுதேன், காலஞ்சென்றங்காவ!

பூசை முடியவும் உள்ள போனேன். இளவட்டச் சாமியாரு, ஊருக்குப் புதுசு. 'சாமி, ஓலைக்குத் தடை இருக்கு'ன்னேன். பதறிட்டாவ. 'என்ன தடை? மாப்பிள்ளைக்கு ஏற்கனவே கல்யாணம் ஆயிருக்கா?' 'இல்ல.' 'உறவுமுறை தப்பா?' 'இல்ல.' 'பொண்ணுக்குச் சம்மதம் இல்லையா?' 'அவளுக்கு ரொம்பச் சம்மதம். பேருக்கு முன்னால எக்ஸ் இல்ல. அதான் தடை'ன்னேன்.

சாமியாரு மடிச்ச அங்கியக் கையில வச்சுக்கிட்டு என்னையே பாத்தாவ. 'எக்ஸ் இல்லாமக் கல்யாணம் செய்யக் கூடாதுன்னு திருச்சபைச் சட்டத்துல எங்கயும் இல்லையே, ஐயா'ன்னாவ. 'சட்டத்துல இல்லன்னா நான் இருக்கேன். நீங்க வாசிச்ச அந்தக் காலஞ்சென்ற சேவியரு நான்தான்'ன்னேன். 'அவருக்குக் கல்லறைத் திருநாளுக்கு நானே பூசை வச்சேனே'ன்னாவ. 'வச்ச பூசையத் திருப்பி எடுத்துக்கிடுங்க'ன்னேன்.

அவரு கோவப்படல. அதுதான் எனக்கு இன்னும் கோவம். நாற்காலி போட்டு உக்கார வச்சாவ. 'நீங்க சொல்லுதது உண்மைன்னா அடுத்த ஞாயிறு நான் ஓலை வாசிக்க முடியாது. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லணும், விசாரிக்கணும். கல்யாணம் தள்ளிப் போகும். நின்னாலும் நின்னுரும். ஜெசிந்தம்மாவக் கூட்டிட்டு வாங்க. அவங்க ஆமான்னு சொல்லட்டும்'னாவ.

போனேன். அவ வீட்டு வாசல்ல உக்காந்து மீன் கழுவிக்கிட்டு இருந்தா. என்னப் பாத்ததும் விழுந்து அழுவான்னு நெனச்சேன். செத்துப் போனவன் திரும்பி வந்தா யாரும் அழத்தான செய்வாவ? அவ தண்ணியக் கீழ ஊத்திட்டு, 'வந்துட்டீரா'ங்கா. கடைக்குப் போயிட்டு வந்தவனக் கேக்க மாதிரி.

'நான் உயிரோட இருக்கேன்ட்டி'ன்னேன். 'அது எனக்கு மறு வருசமே தெரியும். நம்ம ஊரு ஆளு ஒருத்தரு உம்மக் கொல்லம் சந்தையில, தோள்ல ஒரு பிள்ளையோட பாத்திருக்காரு. எங்கிட்ட மட்டும் சொன்னாரு, வேற யாருகிட்டயும் சொல்லப்படாதுன்னு நான் சத்தியம் வாங்கிட்டேன்'ங்கா.

கேட்டீங்களா அண்ணாச்சி? தெரிஞ்சுக்கிட்டே! உயிரோட இருக்கவனச் செத்தவன்னு சொல்லி, ஊரையும் கோவிலையும் ஏமாத்தி, வருசா வருசம் மெழுகுவத்தி கொளுத்தியிருக்கா. எவ்வளவு பெரிய களவாணி! நான் கத்துனேன். அவ குரல ஒசத்தல. 'எம் மவ ஓடிப் போனவன் மவளா வளர வேண்டாம்னு நெனச்சேன். கடல்ல போனவரு மவளா வளந்தா. அவளுக்கு நல்ல அப்பா ஒருத்தரு இருக்காரு. கல்லறையில இருக்காரு. போய்ப் பாத்துட்டு வாரும். பாத்த பெறகும் சாமிகிட்ட சொல்லணும்னு தோணுனா, கூப்பிடும், வாரேன். ஆமா இவருதான்னு சொல்லுதேன்'னா.

'எம் எழுத்த எங்கட்டி?'ன்னேன். 'அதுவும் அங்கதான் இருக்கு'ன்னா.

என்ன திமிரு பாருங்க. பாக்கத்தான் போறேன்னு விறுவிறுன்னு போனேன். கடலப் பாத்த கல்லறைத் தோட்டம். கடல்ல போயி ஒடம்பு கெடைக்காதவங்களுக்குன்னு ஒரு வரிசை. குழி கெடையாது, சிமெண்டுக் குருசு மட்டும் நட்டு வச்சிருப்பாவ. நாலாவதோ அஞ்சாவதோ எம் பேரு. இங்கிலீசுல. மொத எழுத்து எக்ஸ். நல்லாப் பெருசா.

நான் அதப் பாத்துக்கிட்டு நிக்கேன், பின்னால செருப்புச் சத்தம். எம் மவ. ஒரு கையில பத்திரிகைக் கட்டு, ஒரு கையில கருப்புப் பெயிண்டு டப்பா. எங்க ஆளுவ அப்படித்தான், கல்யாணம்னா மொதப் பத்திரிகைய செத்தவங்க கல்லறையில வச்சுட்டுத்தான் ஊருக்குக் குடுப்பாவ. 'அண்ணாச்சி, நீங்க பட்டிமன்றத்தன்னைக்கு வந்தவங்கதான? விசில் அடிச்சீங்களே?'ங்கா. தலைய ஆட்டினேன். 'இது எங்க அப்பா. கடல்ல போயிட்டாவ'ன்னா.

பத்திரிகைய வச்சா. முட்டுப் போட்டா. உதடு அசையுது. எந்திரிச்சு, 'உப்புக்காத்துக்கு பெயிண்டு நிக்க மாட்டேங்கு அண்ணாச்சி, வருசா வருசம் நான்தான் அடிக்கேன். கொஞ்சம் இந்த டப்பாவப் பிடிக்கீங்களா?'ங்கா.

பிடிச்சேன். என்ன செய்யச் சொல்லுதீங்க? பிடிச்சேன். அவ கீழ உக்காந்து, பிரஷ்ஷத் தொட்டுத் தொட்டு, எம் எழுத்த எழுதுதா. ஒரு கோடு இழுத்தா, ஊதுனா. அடுத்த கோடு இழுத்தா. 'அன்னைக்கு இது வேண்டாம்னு பேசுனேன்லா, சீட்டுக் குலுக்கினதுல எனக்கு அந்தக் கட்சி விழுந்துட்டு. பேசும்போது சிரிச்சேன், வீட்டுக்கு வந்து ராத்திரி பூரா அழுகை. அப்பாகிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் இன்னைக்கு மொதல்ல வந்தேன்'ங்கா. 'எங்க அப்பா இருந்தா எனக்கு இன்னைக்கு எவ்வளவு செய்வாவ'ங்கா. 'அம்மாவ ஒரு சொல்லு சொன்னதில்லையாம். எனக்குக் காச்சல்னா கடலுக்குப் போக மாட்டாவளாம்'ங்கா.

எனக்கு வந்த கோவம் இருக்கே அண்ணாச்சி! யாரு மேல? அந்தச் செத்த பய மேல! அவன் என்ன செஞ்சான் இவளுக்கு? கடல்ல விழுந்தான், அவ்வளவுதான! நான் இத்தன வருசம் வெயில்ல மழையில கெடந்து பாடுபட்டேன், எனக்கு அண்ணாச்சி. அவனுக்கு அப்பா. எனக்கு அரை கிளாசு டீ. அவனுக்கு மெழுகுவத்தி, பூசை, மொதப் பத்திரிகை. எனக்குச் சேர வேண்டிய எழுத்து. அது அவன் நெஞ்சுல இருக்கு!

வாயத் தொறந்தேன். நான்தான்ட்டி உங்கப்பன்னு சொல்லத்தான் தொறந்தேன். அவ அப்பம் ஒரு பத்திரிகைய எடுத்து, பேனாவத் தொறந்து, 'நீங்களும் கண்டிப்பா வரணும் அண்ணாச்சி. பேரு என்ன?'ங்கா. வாய்க்கு வந்தத, லாசர்னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல. எழுதுனா. எழுதிட்டு, 'இனிசியலு?'ன்னா.

'இனிசியல் எதுவும் இல்லம்மா'ன்னேன்.

'அது எப்படி அண்ணாச்சி, எல்லாருக்கும் ஒரு அப்பா இருப்பாவல்ல?'ன்னு சிரிச்சா.

இன்னைக்கு ஞாயிறு. மூணாவது ஓலை. மணி என்ன ஆகுது? எட்டா? அப்பம் வாசிச்சுக்கிட்டு இருப்பாவ. நான் பயந்து ஓடுதேன்னு நெனைக்காதீங்க. கோவத்துல போறேன். அந்தப் பேர வாசிக்கும்போது அவ கண்ணத் தொடைப்பா, அதப் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்க எனக்கு என்ன தலையெழுத்தா? கல்யாணத்துக்கும் போக மாட்டேன். நாகர்கோவில்ல ஒரு லாட்ஜுல ஆளு கேட்டிருக்கான், அங்க கெடப்பேன். சாமியாரு காத்துக்கிட்டு இருப்பாவ, இருக்கட்டும். ஒருத்தனும் தடை சொல்லலன்னு அவங்களே தெரிஞ்சுக்கிடட்டும்.

அந்தப் பேப்பரக் கொஞ்சம் மடிச்சு வைங்க அண்ணாச்சி. கண்ணுல காத்து அடிக்கி. ஜன்னலச் சாத்துங்க.